முதுமைக்கு ஒரு பரீட்சை

"ஒரு வட்டம் போடுங்கள். அதனுள் கடிகாரத்தின் 12 எண்களையும் எழுதுங்கள். பின்னர் பதினொரு மணி பத்து நிமிடத்தைக் காட்டும்படி இரண்டு முட்களையும் வரையுங்கள்."

நான்காம் வகுப்புச் சிறுவனும் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடக்கூடிய இவ்வேலையை, உலகின் பல பாகங்களிலும் வைத்தியர்கள் எழுபதும் எண்பதும் வயதான முதியோரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் வரைவதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அண்மைக் காலத்திலே அப்படிப் பார்த்திருக்கும் வேலையைச் சில இடங்களில் ‘டெப்' எனப் பிள்ளைகள் அழைக்கும் தட்டையான கணினி ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதியவரின் மடியிலே அதனை வைத்து, விரலால் தொடச் சொல்லிவிட்டுத் தாதி அப்பால் போய்விடுகிறாள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு புள்ளி வந்துவிடுகிறது. அந்தப் புள்ளி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நம் குடும்பங்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது. மேனாட்டிலுள்ள பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு இத்தகைய சோதனைகளைத் தொலைபேசி வழியே அனுப்பிவைப்பது இன்று எளிதான காரியமாகிவிட்டது.

முதலில் அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். பதினொன்று பத்து என்ற நேரம் சும்மா தெரிவு செய்யப்பட்டதன்று. ‘பத்து' என்ற சொல் காதில் விழுகிறது. கடிகார முகத்திலே 10 என்ற எண் 11க்குப் பக்கத்திலேயே நின்று கண்ணை இழுக்கிறது. ஆனால் பத்து நிமிடத்தைக் காட்ட வேண்டுமாயின் முள் 2ஐ நோக்கவேண்டும். அந்த இழுப்பை அடக்கி, கேட்ட சொல்லை வேறோர் எண்ணாக மாற்றிக்கொள்ளும் வேலையில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. அப்பகுதி தளர்ந்தவர் ஒரு முள்ளை 11க்கும் மற்றதை 10க்கும் நீட்டிவிட்டு, சரியாகச் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு தாளைத் திருப்பிக் கொடுப்பார். எண்களை வட்டத்தின் ஒரு பக்கத்திலேயே நெருக்கி எழுதுவோரும், வட்டத்துக்கு வெளியே எழுதுவோரும் உண்டு. ஒரு சிறு வட்டத்துக்குள்ளே ஞாபகம், திட்டமிடுதல், இடஞ்சார்ந்த அறிவு, தன்னடக்கம் ஆகிய நான்கும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. இவற்றையெல்லாம் சேர்த்தே ‘அறிதிறன்' என்கிறோம்.

இவ்வகைச் சோதனை புதியதன்று. 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநல விடுதியிலே சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண்ணொருத்தியிடம், அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் பென்சில், பேனா, திறப்பு முதலியவற்றைக் காட்டிப் பெயர் கேட்டார். சிறிது நேரங் கழித்து எவற்றைக் காட்டினேன் என்று கேட்டார். பெயர் சொன்னவளுக்கு, காட்டியவை நினைவில் நிற்கவில்லை. அவள் 1906இல் இறந்தபின் அவளுடைய மூளையை ஆராய்ந்து அவ்வாண்டு நவம்பரில் அவர் வெளியிட்ட செய்தியே பிற்காலத்தில் அவர் பெயரால் வழங்கும் நோய்க்கு முதற் சான்றாயிற்று. 1975இல் அமெரிக்காவில் போல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூவும் வெளியிட்ட 30 புள்ளிச் சோதனை உலகெங்கும் பரவியது. 2005இல், நம்மவர் பலர் குடியேறியிருக்கும் மொன்றியல் நகரிலே சியாத் நஸ்ரெடின் என்ற வைத்தியரும் அவர்தம் குழுவினரும், ஆரம்பநிலைக் குறைவையும் பிடிக்கத்தக்க இன்னொரு 30 புள்ளிச் சோதனையை வெளியிட்டனர். ‘மோக்கா' எனப்படுவது அதுவே. மேற்சொன்ன கடிகாரம் அதிலும் உண்டு. சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் ஆகியவற்றின் படங்களைக் கண்டு பெயர் சொல்லவேண்டும். 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கவேண்டும். முன்னர் கேட்ட ஐந்து சொற்களைச் சில நிமிடங் கழித்துத் திருப்பிச் சொல்லவேண்டும். 2018 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் இதில் 30க்கு 30 பெற்றார் என அவருடைய வைத்தியர் அறிவித்தபோது, காண்டாமிருகப் படம் உலகத் தொலைக்காட்சிகளிலெல்லாம் வலம் வந்தது. வினாத்தாள் வெளியாகிவிட்ட பரீட்சைக்கு என்ன மதிப்பு என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்; ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்குப் பழக்கத்தாலேயே புள்ளி கூடும் என்பதை வைத்தியர்களும் அறிவர்.

தாளிலே நடந்த சோதனை கண்ணாடித் திரைக்குப் போனதால் கிடைத்த இலாபம் என்ன? தாளில் நமக்குக் கிடைப்பது முடிந்த படம் மாத்திரமே. முதியவர் எங்கே தயங்கினார், எதை அழித்தெழுதினார், முதல் முள்ளைப் போடுமுன் எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்திருந்தார் என்பன தாளில் நிற்பதில்லை. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினரும் அங்குள்ள வைத்தியர்களும் சேர்ந்து, சாதாரண பேனாவுக்குப் பதிலாக, தான் இருக்கும் இடத்தைச் செக்கனுக்கு 80 தடவைக்கு மேல் பதிவு செய்யும் பேனாவைக் கொடுத்து இக்கடிகாரத்தை வரைவித்தனர். அதனால் மை ஓடிய நேரத்தையும் யோசனையில் கழிந்த நேரத்தையும் வெவ்வேறாகப் பிரிக்க முடிந்தது. முடிந்த கடிகாரங்கள் இரண்டும் ஒன்றுபோலவே அழகாக இருக்கலாம். ஆனால் ஒருவர் அதனைத் தங்குதடையின்றி வரைந்திருப்பார், மற்றவர் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னே நின்று தேடியிருப்பார். பின்னவரைத் தாள் காட்டிக்கொடாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே 1980களில் பார்பரா சாஹகியான், டிரெவர் ரொபின்ஸ் முதலியோர் உருவாக்கிய தொடுதிரைச் சோதனைகள் வேறொரு வழியைக் காட்டின. திரையில் சில வெள்ளைப் பெட்டிகள் தோன்றும். ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். சிலவற்றுள் ஓர் உருவக்கோலம் தெரியும். பிறகு அந்தக் கோலம் நடுவிலே வரும். அது எந்தப் பெட்டிக்குள் இருந்ததோ அதைத் தொடவேண்டும். இதற்குப் பாஷை வேண்டாம், எழுத்து வேண்டாம். எந்தப் பொருளை எங்கே வைத்தோம் என்ற நினைவே இங்கு சோதிக்கப்படுகிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் நமக்கு இச்சோதனையின் கருத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அப்படித் தேடுவதெல்லாம் நோயாகிவிடாது.

அண்மையில் இத்துறையில் மிகுந்த கவனத்தைப் பெற்றது சுவீடன் நாட்டு ஆராய்ச்சி ஒன்று. லுண்ட் பல்கலைக்கழகத்தினர் ‘பயோகொக்' எனப் பெயரிட்ட டெப் சோதனையொன்றை ஆக்கி, அதன் முடிவுகளை 2025இல் ‘நேச்சர் மெடிசின்' சஞ்சிகையில் வெளியிட்டனர். பத்துச் சொற்களை மனத்திலிருத்திப் பின்னர் நினைவுகூர்தல், விரைவாக இனங்கண்டு தொடுதல், இன்றைய திகதி போன்ற காலவினாக்கள் ஆகியன அதில் அடங்கும். ஏறக்குறைய 11 நிமிடத்தில் முதியவர் தாமாகவே செய்து முடிக்கலாம். சாதாரண குடும்ப வைத்திய நிலையங்கள் 19இல், 403 பேரிடம் இது பரீட்சிக்கப்பட்டது. அறிதிறன் குறைவு உண்டா இல்லையா என்பதைக் குடும்ப வைத்தியர்கள் தம் வழக்கமான முறையில் நூற்றுக்கு 73 தடவை சரியாகக் கூறினர். டெப் 85 தடவை சரியாகக் கூறியது. அதனோடு இரத்தச் சோதனையையும் சேர்த்தபோது, அல்சைமர் நோயைக் கண்டறிவதில் நூற்றுக்கு 90 வரை சரியாயிற்று.

இந்த எண்களைப் படித்தவுடன், ஊரிலுள்ள முதியோர் அனைவரையும் வரிசையில் நிறுத்தி இச்சோதனையைச் செய்துவிடலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. அங்கேதான் நிதானம் வேண்டும். சுவீடன் ஆராய்ச்சியில் கலந்துகொண்டோர், ஞாபகம் தளர்கிறது என்று தாமே வைத்தியரை நாடி வந்தவர்கள். குறை சொல்லி வந்தவரைச் சோதிப்பது ஒன்று. குறையொன்றும் சொல்லாமல் திண்ணையிலே வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பவரைச் சோதிப்பது முற்றிலும் வேறு.

மாணவர்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளட்டும். கணக்குக்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். ஊரிலே 1000 முதியோர். அவர்களுள் 50 பேருக்கு மறதிநோய் உண்டு. சோதனையோ, நோயுள்ளோர் நூறு பேரில் 80 பேரைப் பிடித்துவிடும். நோயற்றோர் நூறு பேரில் 80 பேரைச் சரியாக விடுவித்துவிடும். நல்ல சோதனைதான். இப்பொழுது நடத்துங்கள். 50 நோயாளரில் 40 பேர் பிடிபடுவர், 10 பேர் தப்பிவிடுவர். மீதி 950 நலமுள்ளோரில் நூற்றுக்கு 20 வீதம் 190 பேருக்குத் தவறாகச் சிவப்பு விளக்கு எரியும். ஆக, ‘சந்தேகம்' என்று சீட்டுப் பெறுவோர் 230 பேர், அவர்களுள் உண்மையாக நோயுள்ளோர் 40 பேரே. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்! இதே சோதனையை, குறை சொல்லி வந்தோர் 1000 பேரிடம், அவர்களுள் பாதிப்பேருக்கு நோய் உள்ள ஓரிடத்திலே நடத்தினால், சீட்டுப் பெறும் 500 பேரில் 400 பேர் மெய்யான நோயாளர். இயந்திரம் மாறவில்லை; அதன் முன்னே அமர்ந்தோர் மாறினர்.

அந்த 190 பேரின் கதி என்ன? மேனாட்டிலே அவர் அடுத்த மாதம் நிபுணரைக் கண்டு, தலையைப் படம்பிடித்து, பயம் தெளிந்து வீடு திரும்பலாம். நம் வீடுகளில் நடப்பது வேறு. ‘ஆச்சிக்கு அறளை பெயர்ந்துவிட்டது' என்ற ஒரு சொல் ஒழுங்கை முழுதும் பரவ ஒரு பொழுது போதும். அதன்பின் அவர் சொல்லும் எதையும் யாரும் காதிற் கொள்வதில்லை. ஓய்வூதியப் புத்தகம் மகனின் கைக்குப் போகிறது. நொத்தாரிசு முன்னே அவர் ஒப்பமிட்ட உறுதியைச் சகோதரர் ஒருவர் கேள்விக்குள்ளாக்குகிறார். அடுப்படிக்குள் போக வேண்டாம் என்கிறார்கள். கோயிலுக்குத் தனியே போக வேண்டாம் என்கிறார்கள். நலமாயிருந்தவரும் ஒதுக்கப்பட்டு மூலையில் இருந்து இருந்தே தளர்ந்துபோவார். ஓர் இயந்திரம் பதினொரு நிமிடத்தில் கொடுத்த புள்ளியை இவ்வளவுக்குப் பயன்படுத்துவது அநியாயம் என்பதே நம் எண்ணம்.

இதனாற்றான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவை நிபுணர் குழு 2020இல், நோயின் அறிகுறி எதுவுமில்லாத முதியோரை இவ்வாறு வடிகட்டுவதால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என அறிவித்தது. அதே ஆண்டு வெளிவந்த இந்தியானா மாநில ஆராய்ச்சியொன்றில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4005 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சோதித்தும் மறுபிரிவினரைச் சோதியாமலும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வாழ்க்கை நலத்திலோ மனச்சோர்விலோ இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சோதனையில் சந்தேகம் தோன்றியவர்களுள் பெரும்பாலோர் மேற்கொண்டு பரிசோதனைக்கு வர மறுத்துவிட்டனர் என்பதும் கவனிக்கத்தக்கது. சோதனைக்கு அஞ்சாதவரும் முடிவுக்கு அஞ்சுகின்றனர் போலும்.

அப்படியாயின் இதெல்லாம் வீண்வேலை என்று தள்ளிவிடலாமா? அதுவும் ஆகாது. ஞாபகம் தளர்வதற்குக் காரணமான சில நோய்கள் மாற்றக்கூடியவை. தைரொயிட் சுரப்பி மந்தமாதல், பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும் தரும் மயக்கம், சிறுநீர்வழித் தொற்று ஆகியனவெல்லாம் மறதிநோய்போல வேடம் போட்டு வரும். காது கேளாமை ஒன்றே போதும், நல்ல மூளையையும் மந்தமெனக் காட்ட. காலத்தோடு வைத்தியரிடம் போனவர் இவற்றிலிருந்து மீளலாம். அல்சைமர் நோய்க்கும், அதனை மாற்றாவிடினும் ஆரம்பநிலையில் ஓரளவு மெதுவாக்கும் மருந்துகள் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்றுவிட்டன. 2023இல் லெக்கனமாப், 2024இல் டொனனமாப். மூளை வீக்கம், இரத்தக்கசிவு ஆகிய ஆபத்துக்கள் அவற்றுக்கு உண்டு. நோய் முற்றியபின் அவை கொடுக்கப்படுவதில்லை. ஆகவே ஆரம்பத்தைக் கண்டறியும் கருவிக்கு முன்னில்லாத மதிப்பு வந்திருக்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021இல் உலகிலே 5 கோடியே 70 இலட்சம் பேருக்கு மறதிநோய் இருந்தது. அவர்களுள் நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோர் வசதி குறைந்த, நடுத்தர நாடுகளிலே வாழ்பவர்கள். சோதனைகளோ பெரும்பாலும் செல்வ நாடுகளிலே, நீண்டகாலம் பள்ளிக்கூடம் சென்றோரை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. மொன்றியல் சோதனையிலேயே, 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தோருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டாம் வகுப்போடு நின்று, பின் அறுபது ஆண்டு தோட்டத்திலே கொழுந்து பறித்த ஒருவருக்கு அந்த ஒரு புள்ளி எம்மாத்திரம்? 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கத் தெரியாதவர், சந்தையில் மீதிக் காசில் ஒரு ரூபாய் குறைந்தாலும் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இந்தியாவின் ஹரியானாவிலுள்ள பல்லப்கரிலே, எழுத்தறியாத கிராமத்தவரை ஆராய்ந்தவர்கள் 1990களில் இதற்கொரு வழி கண்டனர். கழித்தற் கணக்குக்குப் பதிலாகக் கிழமை நாட்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் செய்தனர். ‘கண்ணை மூடு' என்று எழுதியதை வாசித்துச் செய்யும் வினாவுக்குப் பதிலாக, ‘என்னைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்' என்று கூறித் தாமே கண்ணை மூடிக் காட்டினர். 1998இல் தொடங்கிய ‘10/66' என்னும் ஆராய்ச்சிக் குழு, தன் பெயரிலேயே இக்குறையை வைத்திருக்கிறது: மறதிநோயாளரில் நூற்றுக்கு 66 பேர் வளர்முக நாடுகளில், ஆராய்ச்சியிலோ நூற்றுக்கு 10 பங்குதான் அந்நாடுகளில். அக்குழு சென்னையிலும் வேலூரிலும் தமிழ் முதியோரிடையே தன் முறையைப் பரீட்சித்தது. நம் நாட்டில், றாகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடந்து 2003இல் வெளிவந்த ஆராய்ச்சி, நூற்றுக்கு 4 பேரளவில் மறதிநோய் கண்டதாகக் கூறியது. மொன்றியல் சோதனையின் சிங்கள வடிவம் சரிபார்க்கப்பட்டு 2011இல் முடிவுகள் வெளிவந்தன.

தமிழிலே மாற்றும்போது எழும் சிக்கல்கள் மொழி மாணவருக்கும் விருந்தாகும். மொன்றியல் சோதனையின் ஆங்கில வடிவத்தில், ‘எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் இயன்றவரை சொல்லவேண்டும், 11 சொற்களாவது சொன்னால் ஒரு புள்ளி. தமிழிலே ‘க' என்று கேட்டால், காகமும் கிளியும் கணக்கிற் சேருமா? காதுக்கு முதலொலி ஒன்றே. அரிச்சுவடி படித்தவருக்கோ கனா, காவன்னா, கீனா எல்லாம் வெவ்வேறு எழுத்துக்கள். படம் காட்டிப் பெயர் கேட்டால், யாழ்ப்பாணத்தார் ‘கதிரை' என்பார், சென்னையில் ஆக்கிய இயந்திரம் ‘நாற்காலி'யை எதிர்பார்த்திருந்தால் அவருக்குப் புள்ளி போய்விடும். எதிரே மனிதர் இருந்தால் சிரித்துவிட்டுச் சரியென்று போடுவார். இயந்திரத்துக்கு அந்தத் தாட்சணியத்தையும் யாராவது கற்றுக்கொடுத்திருக்கவேண்டும்.

விரலும் ஒரு சிக்கல். இவ்வகைத் திரை, விரலின் மின்கடத்தும் தன்மையால் தொடுதலை உணர்கிறது. முதுமையில் உலர்ந்து, மண்வேலையால் காய்த்துப்போன விரலைத் திரை சில சமயம் அறிவதில்லை. முதியவர் சரியான பெட்டியையே தொட்டிருப்பார். திரை பேசாமல் இருக்கும். அவர் பலமாக அழுத்துவார். அதற்குள் செக்கன்கள் ஓடிவிடும். யோசித்த நேரமென்று இயந்திரம் குறிப்பது உண்மையில் கண்ணாடியோடு மல்லுக்கட்டிய நேரம்! ஆதலின் நல்ல சோதனைகளில் முதற்கண் புள்ளியில்லாத பயிற்சிப் பகுதியொன்று இருக்கும். அதனை அவசரப்பட்டுத் தாண்டிவிடக் கூடாது.

திரையே இல்லாத ஒரு சோதனையையும் இங்கு சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் அந்தனி ஜோர்ம் என்பவர் 1989இல் வெளியிட்ட வினாக்கொத்து, முதியவரிடம் எதையும் கேட்பதில்லை. அவரோடு வாழ்பவரிடம் கேட்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால், அண்மையில் நடந்தவற்றை நினைவில் வைப்பதில் இப்பொழுது எப்படி? பணத்தைக் கையாள்வதில் எப்படி? வீட்டிலே பொருள்கள் வழக்கமாக இருக்கும் இடத்தை அறிவதில் எப்படி? மேலா, அப்படியேயா, கீழா? படித்தவரா படியாதவரா என்ற பேதம் இதனை அதிகம் பாதிப்பதில்லை. ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிறதன்றோ! மனைவியாருக்கும் மூத்த மகளுக்கும் தெரிந்த இந்தப் பத்தாண்டுச் செய்தி எந்த டெப்புக்கும் தெரியாது.

ஆகவே, யாரேனும் ஒரு முதியவரை இச்சோதனைக்கு அழைத்துச் செல்வோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியும், இருந்தால் காதுக் கருவியும் மறவாமற் கொண்டுசெல்லுக. அவர் குடிக்கும் மாத்திரைகளையெல்லாம், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரு பையிலிட்டு வைத்தியரிடம் காட்டுக. காய்ச்சலோ துயரமோ தூக்கமின்மையோ உள்ள கிழமையில் போகாதிருப்பது நன்று. பேரப்பிள்ளையின் டெப்பிலே சில நாள் படம் பார்த்து விரல் பழகுவதில் பிழையில்லை; ஆனால் சோதனையின் வினாக்களையே தேடியெடுத்து வீட்டிலே பாடமாக்கக் கூடாது. புள்ளி குறைந்தால் அதனை நிபுணரிடம் போவதற்கான கடிதமாகக் கொள்க. அயலவரிடம் சொல்வதற்கான செய்தியாகக் கொள்ளற்க. இன்னுமொன்று. சோதனை நடக்கும்போது கூடச் சென்றவர் அறைக்கு வெளியே இருக்கவேண்டும். இன்று என்ன கிழமை என்று திரை கேட்டதும், "வெள்ளிக்கிழமை அப்பா, வெள்ளிக்கிழமை" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்காத பிள்ளை நம்மவரில் அரிது.